சிந்த்ல வாசிக்கிறத ஹார்டுவேர் சீக்வென்சர்ல மிடியா ரெக்கார்ட் பண்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டி, கடலூர் பக்கம் ஆர்கெஸ்ட்ரா, சர்ச் கொயர், கல்யாண ரிசப்ஷன்னு கீபோர்டு, அதாவது சிந்த் வாசிக்கிறவங்க இப்ப நிறைய பேர் லேப்டாப்ப வீட்டுல வச்சுட்டு, தனியா ஒரு சீக்வென்சர் பெட்டிய (வாசிக்கிறத பதிஞ்சு வச்சு திரும்ப ஓட்டுற பெட்டி) மேடைக்கு எடுத்துட்டு வர்றாங்க. வாங்குன கையோட கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணேதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க பிரச்சனை எங்க இருக்கோ அங்க போயிடுங்க, ஆனா மொத கேள்விய மட்டும் தாண்டாதீங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது.

சீக்வென்சர்ல ரெக்கார்ட் பண்ணா கீபோர்டோட சவுண்டும் சேர்ந்து பதிவாகுமா?

ஆகாது. மிடிங்கிறது கீபோர்டும் மத்த பெட்டிங்களும் பேசிக்கிற மொழி, அந்த கேபிள்ல சத்தமே போறதில்ல. நீங்க எந்த கீய அமுக்குனீங்க, எவ்வளவு வேகமா அமுக்குனீங்க, எப்ப விட்டீங்க, எந்த சேனல்ல (ஒரே கேபிள்ல போற தனித்தனி வழி), இவ்வளவுதான் நம்பரா போகும். நடு ஸி-ன்னா 60, வேகம் அதிகபட்சம் 127, அந்த மாதிரி. சீக்வென்சர் இத நேரத்தோட சேத்து எழுதி வச்சுக்கும், ப்ளே அழுத்துனா அதே நம்பருங்கள திரும்ப கீபோர்டுக்கு அனுப்பும், சத்தம் போடுறது கீபோர்டுதான். அதனால கீபோர்டு ஆஃப்ல இருந்தா சீக்வென்சர் எவ்வளவு ஓடுனாலும் ஒண்ணும் கேக்காது. அகாய் எம்பிசி மாதிரி உள்ளயே சாம்பிள் (பதிவு பண்ண சத்தம்) வச்சிருக்கிற பெட்டிங்க வேற கதை, ஆனா அங்கயும் உங்க சிந்தோட சவுண்டு வேணும்னா அத ஆடியோவா தனியா எடுக்கணும்.

இதுல பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. ஸ்ட்ரிங்ஸ்ல வாசிச்சத ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம் ஃப்ளூட்டா மாத்திக்கலாம். பாடுறவர் மேடையேறி மைக்க கையில வாங்குனப்புறம் "தொண்ட சரியில்லண்ணே, அரை கட்டை இறக்கிக்கலாமா"ன்னு கேப்பாரு பாருங்க, அப்ப ட்ரான்ஸ்போஸ் மைனஸ் 1 போட்டா முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் கவனம், ட்ரம்ஸ் ட்ராக்க அதுல இருந்து விலக்கி வைங்க. பொதுவா ட்ரம்ஸ் 10-வது சேனல்ல இருக்கும், அங்க ஒவ்வொரு நோட்டும் ஒரு வாத்தியம், ஸ்னேர் 38-ன்னா ஒண்ணு இறக்குனதும் 37, அது சைட் ஸ்டிக். பாட்டு அரை கட்டை இறங்கும், ட்ரம்மர் மாத்திரம் குச்சியால ஓரத்துல தட்டிட்டு இருப்பாரு.

எத எதுல சொருகணும்? அவுட்டா இன்னா?

கீபோர்டோட அவுட்ல இருந்து சீக்வென்சரோட இன்-க்கு ஒரு கேபிள். சீக்வென்சரோட அவுட்ல இருந்து கீபோர்டோட இன்-க்கு இன்னொரு கேபிள். ரெண்டு கேபிள் வேணும், ஏன்னா ஒரு மிடி கேபிள்ல சிக்னல் ஒரு பக்கமாதான் போகும். ஒரே ஒரு கேபிள் போட்டுட்டு "ரெக்கார்ட் ஆகுது ஆனா திரும்பி வாசிக்க மாட்டேங்குது"ன்னு சொல்றவங்கதான் அதிகம். த்ரூன்னு ஒரு ஓட்டை இருந்தா அது இன்ல வர்றத அப்படியே அடுத்த பெட்டிக்கு தள்ளி விடும், அதுல நீங்க வாசிக்கிறது வராது.

ரெண்டு கேபிள் போட்டதும் ஒவ்வொரு நோட்டும் டபுளா கேக்குதுண்ணா, சவுண்டு ஒரு மாதிரி குழாய்ல இருந்து வர்ற மாதிரி இருக்கு. கீபோர்டு போயிடுச்சா?

கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க கீய அமுக்குறப்போ ரெண்டு வேலை நடக்குது. கீபோர்டு உள்ளயே நேரா அதோட சவுண்டு போர்டுக்கு ஒரு தகவல் போகுது, அதே தகவல் மிடி அவுட் வழியா சீக்வென்சருக்கு போயி, சீக்வென்சர் அத எக்கோ பண்ணி திருப்பி அனுப்பி, மிடி இன் வழியா மறுபடியும் அதே சவுண்டு போர்டுக்கு வருது. ஒரே நோட்டு சில மில்லிசெகண்ட் இடைவெளியில ரெண்டு தடவை அடிச்சா அந்த குழாய் சவுண்டுதான் வரும், கூடவே பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்துல ஒலிக்கிற நோட்டு எண்ணிக்கை, பாதியாயிடும், 64 நோட்டு தாங்குற சிந்த் 32-லயே நோட்ட முழுங்க ஆரம்பிக்கும்.

இதுக்கு மருந்து லோக்கல் கன்ட்ரோல் ஆஃப். கீபோர்டு மெனுவுல மிடி செட்டிங்ல லோக்கல்னு இருக்கும், அத ஆஃப் பண்ணா கீ ஒரு பக்கம், சவுண்டு போர்டு ஒரு பக்கம்னு உள்ள இருக்கிற இணைப்பு அறுந்துடும், நோட்டு சீக்வென்சர் வழியாதான் சுத்தி வரும். மெனுவுல கிடைக்கலன்னா சிசி (கன்ட்ரோல் சேஞ்ச்ங்கிற மிடி தகவல்) 122-ஐ 0-ன்னு அனுப்புனாலும் அதே வேலை, 127 அனுப்புனா திரும்ப ஆன். சீக்வென்சர் பக்கம் எக்கோ, இல்ல த்ரூ, இல்ல மானிட்டர்னு ஏதோ ஒரு பேர்ல இருக்கும், அது ஆன்ல இருக்கணும், இல்லன்னா நீங்க வாசிக்கிறது உங்களுக்கே கேக்காது.

ஏன் சுத்தி வரணும், சீக்வென்சர்ல எக்கோவ ஆஃப் பண்ணிட்டு லோக்கல ஆன்லயே விட்டா போதாதான்னு கேக்கலாம். ஒரே கீபோர்டு ஒரே சவுண்டுன்னா போதும். ஆனா ட்ராக் மாத்துனதும் சேனல் மாறி பேஸ் சவுண்டு, அடுத்த ட்ராக்ல பியானோ சவுண்டுன்னு கை வைக்கிற இடத்துக்கு தகுந்த மாதிரி வரணும்னா லோக்கல் ஆஃப்தான் வழி. கச்சேரி முடிஞ்சு கேபிள கழட்டுறதுக்கு முன்னாடி லோக்கல ஆன் பண்ணிடுங்க, கடன் வாங்குன கீபோர்டுன்னா கண்டிப்பா. சில மாடல்ல ஆஃப் பண்ணி வச்சா பவர அணைச்சு மறுபடி போட்டப்புறமும் அப்படியே இருக்கும், அடுத்த நாள் கீபோர்டுக்காரர் சத்தமே வரலன்னு சர்வீஸ்க்கு தூக்கிட்டு ஓடுவாரு.

என் கீபோர்டுல ரவுண்டு ஓட்டையே இல்ல, பின்னாடி சதுரமா யூஎஸ்பி மட்டும்தான் இருக்கு. சீக்வென்சர்ல 5-பின். ஆன்லைன்ல யூஎஸ்பி மிடி கேபிள் சல்லிசா கிடைக்குதே, வாங்கலாமா?

வாங்காதீங்க, அது இந்த வேலைக்கு ஆகாது. யூஎஸ்பியில ஒருத்தர் முதலாளி, மத்தவங்க எல்லாம் வேலையாள், முதலாளி கூப்பிட்டாதான் வேலையாள் பேசுவாரு. கம்ப்யூட்டர் முதலாளி. உங்க கீபோர்டு வேலையாள், அந்த மலிவு கேபிளும் வேலையாள்தான். ரெண்டையும் சேத்து கட்டுனா ரெண்டு பேரும் யாரு கூப்பிடுவாங்கன்னு சும்மா நிப்பாங்க. உங்களுக்கு வேணுங்கிறது யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி, ஒரு பக்கம் யூஎஸ்பி ஏ ஓட்டை, இன்னொரு பக்கம் 5-பின் இன் அவுட். விலை அந்த கேபிள விட பல மடங்கு, ஆனா வேற வழி இல்ல. ராஸ்பெர்ரி பை சும்மா கிடந்தா அதையும் ஹோஸ்ட்டா மாத்தலாம், லினக்ஸ்ல ஏகனெக்ட் (aconnect) கமாண்டு தெரிஞ்சவங்களுக்கு சின்ன வேலைதான்.

எம்பிசி ஒன், ஹாபாக்ஸ் மாதிரி சில சீக்வென்சர்ல ஹோஸ்ட் போர்ட் பெட்டியிலயே இருக்கு, அதுல கீபோர்ட நேரா சொருகிடலாம். வீட்டு உபயோகத்துக்குன்னு வர்ற கீபோர்டு பலதுல இப்ப ரவுண்டு ஓட்டைய எடுத்துட்டாங்க, அதனால சீக்வென்சர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க கீபோர்டோட முதுக ஒரு தடவை திருப்பி பாத்துட்டு போங்க.

ஹெட்ஃபோன் ஜாக் மாதிரி சின்னதா ஓட்டை இருக்கு, அதுல மிடின்னு எழுதியிருக்கு. அதுக்கு?

அது 3.5 எம்எம் டிஆர்எஸ் மிடி. டைப் ஏ, டைப் பி-ன்னு ரெண்டு உண்டு, உள்ள ரெண்டு ஒயர் இடம் மாறியிருக்கும். 2018-ல டைப் ஏ-தான் ஸ்டாண்டர்டுன்னு முடிவு பண்ணாங்க, அதுக்கு முன்னாடி வந்ததுல கோர்க் எஸ்க்யூ-1 டைப் ஏ, ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ டைப் பி. தப்பான அடாப்டர் போட்டா எதுவும் எரியாது, வேலை மட்டும் செய்யாது. மேனுவல பாத்து வாங்குங்க.

கேபிள் எங்க வாங்குறது? பழைய டேப் ரெக்கார்டர் கேபிள் வீட்டுல இருக்கு, பாக்க அதே மாதிரிதான் இருக்கு.

சென்னை போறப்போ ரிச்சி ஸ்ட்ரீட்ல கனெக்டர் ரெண்டு, ரெண்டு கோர் ஷீல்டு ஒயர் கொஞ்சம் வாங்கிட்டு வந்து நீங்களே சால்டர் பண்ணிக்கலாம், ரெடிமேடுல நிறைய மட்டமா இருக்கு. பின் நம்பர்தான் குழப்பும். அரைவட்டமா அஞ்சு பின் இருக்கும், ஆனா 1, 2, 3-ன்னு வரிசையா இருக்காது, ஒரு ஓரத்துல இருந்து எண்ணுனா 1, 4, 2, 5, 3. நடுவுல நிக்கிறது 2, அது ஷீல்டுக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி இருக்கிற 4, 5-லதான் டேட்டா. ஓரத்துல இருக்கிற 1, 3 மிடிக்கு தேவையில்ல, சும்மா விட்ருங்க. நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு, ரெண்டுக்கு ரெண்டு. பல பிளக்ல உள்ள பிளாஸ்டிக்லயே பொடி எழுத்துல நம்பர் அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சு பாருங்க. முடிச்சதும் மல்டிமீட்டர பீப்புல வச்சு 4-க்கும் 5-க்கும் நடுவுல பீப் வராம இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு மூடுங்க.

பழைய ஆடியோ கேபிள் விஷயம் என்னன்னா, பிளக் ஒண்ணேதான், ஒயரிங் வேற. சிலது மிடிக்கு தேவையான பின்ன இணைக்கவே இணைக்காது, சிலது ஒரு முனைக்கு இன்னொரு முனை தலைகீழா இருக்கும். மீட்டர்ல பாக்காம போடாதீங்க. அதே மாதிரி டிஆர்-808 மாதிரி பழைய ட்ரம் மெஷின்ல ஸிங்க்னு இதே அஞ்சு பின் ஓட்டை இருக்கும், அது மிடி இல்ல.

நீளம் 15 மீட்டருக்கு மேல வேணாம், அதுதான் ஸ்டாண்டர்டுல சொன்ன அளவு.

அப்புறம் நம்ம ஊர் பிரச்சனை ஒண்ணு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கடலூர்ல தேவனாம்பட்டினம் மாதிரி கடல ஒட்டி வீடு இருக்கிறவங்க கேபிள பீரோ மேல சுருட்டி போட்டுட்டு அடுத்த சீசன்ல எடுத்தா பின் எல்லாம் மங்கி போயி, சில நேரம் பச்ச பூத்து இருக்கும். உப்பு காத்து. நோட்டு விட்டு விட்டு போனா மொதல்ல சீக்வென்சர திட்டாதீங்க, பின்ன ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, பிளக்க நாலஞ்சு தடவை சொருகி உருவுங்க. பாதி கேஸ் அங்கயே முடியும். ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறது நல்ல பழக்கம்.

எல்லாம் சொருகியாச்சு, ரெக்கார்ட் பட்டன் அழுத்தி வாசிச்சேன், ட்ராக் காலியா இருக்கு.

மொதல்ல நீங்க வாசிக்கிறப்போ சீக்வென்சர்ல மிடி இன் லைட்டோ, ஸ்கிரீன்ல ஏதாவதோ மினுக்குதான்னு பாருங்க. மினுக்கலன்னா கேபிள், இல்ல கீபோர்டுல மிடி அவுட்ட யூஎஸ்பிக்கு மாத்தி வச்சிருக்கீங்க. மினுக்குது ஆனா பதிவாகலன்னா சேனல். கீபோர்டு 1-ல அனுப்புது, ட்ராக் 3-ல மட்டும் கேட்டுட்டு இருக்குன்னா எப்படி பதிவாகும். ட்ராக்கோட இன்புட் சேனல ஆல் அல்லது ஓம்னின்னு போட்டுட்டு அவுட்புட் சேனல மட்டும் மாத்துங்க, தலவலி பாதி குறையும். சேனல் மொத்தம் 16. பழைய டிஎக்ஸ்7 மொத மாடல் வச்சிருக்கிறவங்களுக்கு, அது 1-ம் சேனல்ல மட்டும்தான் அனுப்பும், தேடாதீங்க.

மூணாவது, ரெக்கார்ட் ஆர்ம். பல பெட்டியில ரெக்கார்ட் அழுத்துனா மட்டும் போதாது, ட்ராக்கையும் தேர்ந்தெடுக்கணும், ப்ளேயும் சேத்து அழுத்தணும்.

குவான்டைஸ் போட்டா நல்லாதான் இருக்கு ஆனா பாட்டு உயிரில்லாம மிஷின் மாதிரி ஆயிடுது. போடாம விட்டா தாளம் தள்ளாடுது. என்ன பண்றது?

இன்புட் குவான்டைஸ், அதாவது வாசிக்கிறப்பவே நேராக்குறது, அத மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா நீங்க உண்மையில எப்ப வாசிச்சீங்கங்கிற தகவலே பெட்டிக்குள்ள போகாது, அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. வாசிச்சு முடிச்சப்புறம் ப்ளேபேக்ல குவான்டைஸ் போடுற வசதி இருந்தா அத வச்சுக்கோங்க, ஸ்ட்ரெங்த்னு ஒண்ணு இருக்கும், 50, 60 சதவீதம் போட்டா நோட்டு தாளக் கட்டத்தோட கோட்ட நோக்கி பாதி தூரம் மட்டும் நகரும். பேஸும் கிக்கும் இறுக்கமா இருக்கட்டும், மெலடிய தொடாதீங்க. இது என் அபிப்பிராயம்தான், ஆனா நம்ம பாட்டுல கொஞ்சம் இழுத்து புடிச்சு விடுறதுதான் அழகு, அத கோட்டுல நிக்க வச்சா ரிங்டோன் ஆயிடும்.

கிரிட், அதாவது அந்த தாளக் கட்டம், தப்பா இருக்கிறதுதான் நிறைய பேருக்கு பிரச்சனை, குவான்டைஸ் இல்ல. கும்மி, சிந்து மாதிரி மூணு மூணா போற பாட்ட, அதாவது திஸ்ரத்த, பதினாறு கட்டத்துல குவான்டைஸ் பண்ணா ஒவ்வொரு நோட்டும் பக்கத்து வீட்டுக்கு போயி உக்காந்துக்கும். ட்ரிப்ளெட் கிரிட் போடுங்க, ஸ்டெப் சீக்வென்சர்னா (கட்டம் கட்டமா நோட்டு வைக்கிற பெட்டி) பேட்டர்ன் நீளத்த 12 ஆக்குங்க. மிஸ்ர சாப்புக்கு ஏழு எண்ணிக்கை, ஒரு எண்ணிக்கைக்கு ரெண்டு ஸ்டெப் வச்சா 14. கண்ட சாப்புக்கு 10. ட்ராக் ட்ராக்கா நீளம் மாத்துற பெட்டியா இருந்தா எல்லா ட்ராக்கையும் மாத்துனீங்களான்னு பாருங்க, ஒண்ணு 14-லயும் ஒண்ணு 16-லயும் மாட்டிக்கிச்சுன்னா ரெண்டும் 112 ஸ்டெப்புக்கு ஒரு தடவைதான் ஒண்ணா வந்து நிக்கும், நடுவுல எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் முறைச்சுட்டு வாசிக்க வேண்டியதுதான்.

துல்லியம் பத்தி ஒரு வார்த்தை. பழைய அகாய் எம்பிசி எல்லாம் ஒரு கால் நோட்ட 96-ஆ பிரிக்கும், டெம்போ 120-ல ஒரு பிரிவு சுமார் 5 மில்லிசெகண்ட். யமஹா க்யூஒய்700-ல 480, புது எம்பிசில 960. மெலடிக்கு 96 போதும்னு சொல்லுவேன். பேட்ல டோலக் வாசிக்கிறவங்களுக்கு, அந்த விரல் உருட்டல் எல்லாம் வேணும்னா கூட இருக்கிறது நல்லது. வெறும் ஸ்டெப் சீக்வென்சர்ல அது சுத்தமா வராது, ரெண்டு அடி ஒரே கட்டத்துல ஒட்டிக்கும்.

பிட்ச் பெண்ட் வீல்ல கமகம் எல்லாம் போட்டு வாசிச்சேன், ப்ளே பண்ணா தட்டையா இருக்கு. சில நேரம் சுருதியே விலகி போகுது.

நாதஸ்வரம், வயலின் சவுண்டு வச்சு வாசிக்கிற நம்ம ஆளுங்களுக்குன்னே உள்ள கேள்வி இது. தட்டையா வருதுன்னா சீக்வென்சர் பெண்ட பதிவே பண்ணல, ரெக்கார்ட் ஃபில்டர்னு மெனுவுல இருக்கும், அங்க பிட்ச் பெண்ட தடுத்து வச்சிருப்பாங்க, திறந்து விடுங்க. சில ஸ்டெப் சீக்வென்சர் பெண்ட பதிவே பண்ணாது, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, வாங்குறப்பவே பாக்கணும்.

சுருதி விலகுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, வீல் நடுவுக்கு திரும்புறதுக்கு முன்னாடியே ரெக்கார்டிங்க நிறுத்திட்டீங்க. பெண்ட் மதிப்பு மொத்தம் 16384, நடு 8192. கடைசியா பதிவானது 9000-ன்னா அடுத்த பெண்ட் தகவல் வர்ற வரைக்கும் அந்த சேனல் மொத்தமும் 9000-லயே நிக்கும். அதனால ஒவ்வொரு பேட்டர்னோட ஆரம்பத்துலயும் நடு மதிப்பு ஒண்ணு போட்டு வைங்க. சில பெட்டியில திரையில 0-ன்னு காட்டுறதுதான் நடு, குழம்பாதீங்க.

ரெண்டாவது, பெண்ட் ரேஞ்ச். வீல முழுசா தள்ளுனா எத்தன அரைசுரம் நகரணும்ங்கிறது அந்த நம்பர்ல இல்ல, சிந்த் பக்கம் இருக்கு. பொதுவா 2 அரைசுரம். நீங்க வீட்டுல 12 வச்சு வாசிச்சுட்டு மேடையில வேற கீபோர்டுல 2-ல ஓட்டுனா, பெரிய ஜாரு எல்லாம் சின்ன நடுக்கமா வரும். பாட்டோட தலையிலயே ரேஞ்சையும் எழுதி வச்சிடலாம்: சிசி 101 மதிப்பு 0, சிசி 100 மதிப்பு 0, சிசி 6 மதிப்பு 12, இதே வரிசையில. முடிஞ்சதும் 101-க்கும் 100-க்கும் 127 அனுப்பி மூடிடுங்க, இல்லன்னா பின்னாடி தெரியாம வர்ற சிசி 6 ரேஞ்ச மாத்திடும்.

இன்னொண்ணு, பெண்ட் ஒரு நோட்டுக்கு மட்டும் இல்ல, அந்த சேனல்ல ஒலிக்கிற எல்லாத்துக்கும். இடது கை கார்டும் வலது கை கமகமும் ஒரே சேனல்ல இருந்தா கார்டும் சேந்து ஆடும். மெலடிக்கு தனி சேனல் கொடுங்க, வேற பேச்சே இல்ல.

பெடல் மிதிச்சு வாசிச்சேன், லூப் திரும்புனதும் எல்லா நோட்டும் கொழகொழன்னு நிக்குது.

பெடல்ங்கிறது சிசி 64. மிதிச்சா 127, விட்டா 0. லூப் முடியிறப்போ கால் மிதியிலயே இருந்தா 127 பதிவாயிருக்கும், 0 பதிவாகியிருக்காது. லூப் முடிவுல ஒரு 0 சேருங்க, இல்ல கடைசி பீட்டுக்கு முன்னாடி கால எடுத்துடுங்க. நோட்டு மாட்டிக்கிட்டு கத்துனா சீக்வென்சர்ல பேனிக் பட்டன் தேடுங்க, அது சிசி 123 அனுப்பும். அதுவும் இல்லன்னா கீபோர்டுல சவுண்ட மாத்தி திரும்ப கொண்டு வாங்க, பல மாடல்ல அடங்கிடும்.

ஆர்பெஜியேட்டர், ஸ்டைல் எல்லாம் ரெக்கார்ட் ஆகுமா?

ஆர்பெஜியேட்டர்னா புடிச்ச கார்ட ஒவ்வொரு நோட்டா பிரிச்சு தானா வாசிக்கிறது, ஸ்டைல்னா தானா ஓடுற பின்னணி. கீபோர்ட பொறுத்தது. சிலது நீங்க புடிச்சிருக்கிற மூணு நோட்ட மட்டும் அனுப்பும், சிலது ஆர்பெஜியேட்டர் உருவாக்குற எல்லா நோட்டையும் அனுப்பும். அரேஞ்சர் கீபோர்டுல ஸ்டைல் பார்ட்டுங்க தனித்தனி சேனல்ல வெளிய வரும், மெனுவுல அனுமதிச்சா. அத அப்படியே புடிச்சு வச்சு, பிறகு ஸ்டைல ஓட்டாம சீக்வென்சர்ல இருந்தே ஓட்டலாம். ஆனா புடிக்கிறப்போ டெம்போவ சீக்வென்சர்தான் கொடுக்கணும், இல்லன்னா பார் கோடு எங்கயோ, பாட்டு எங்கயோ.

டெம்போவ யாரு கொடுக்குறது?

ஒருத்தர்தான். சீக்வென்சர் மாஸ்டர், கீபோர்டுல க்ளாக் செட்டிங் எக்ஸ்டர்னல் அல்லது மிடி. மிடி க்ளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு, 120 டெம்போன்னா செகண்டுக்கு 48. ரெண்டு பெட்டியும் மாஸ்டர்னு இருந்தா ஆரம்பத்துல சரியா இருக்கிற மாதிரி இருக்கும், சரணத்துக்கு வர்றப்போ விலகியிருக்கும். கீபோர்ட எக்ஸ்டர்னல்ல வச்சுட்டு கேபிள கழட்டிட்டீங்கன்னா ஆர்பெஜியேட்டர் ஓடவே ஓடாது, அது ரிப்பேர் இல்ல.

பாட்டு ஆரம்பிச்சதும் சவுண்டு தானா மாறணும்.

பேங்க் செலக்ட் சிசி 0, அடுத்து சிசி 32, அடுத்து ப்ரோக்ராம் சேஞ்ச், இந்த வரிசைதான், மாத்துனா வேலை செய்யாது. மேனுவல்ல 1-ல இருந்து 128 வரைக்கும் போட்டிருப்பாங்க, சீக்வென்சர் 0-ல இருந்து 127-ன்னு எண்ணலாம், அதனால கேட்டது பியானோ, வந்தது அடுத்த சவுண்டுன்னா ஒண்ணு குறைச்சு பாருங்க. மொத நோட்டோட சேத்து வைக்காதீங்க, ஒரு பார் காலியா விட்டு அதுல வைங்க, சிந்த் சவுண்ட மாத்த கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நிறைய ட்ராக் ஓட்டுனா டைமிங் இடிக்குமா?

கொஞ்சம் இடிக்கும். மிடி செகண்டுக்கு 31,250 பிட், ஒரு பைட்டுக்கு 10 பிட், அப்ப ஒரு நோட்டுக்கு மூணு பைட்டுன்னா கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். ஒரே கேபிள்ல பத்து நோட்டு ஒண்ணா அடிச்சா கடைசி நோட்டு பத்து மில்லிசெகண்ட் பக்கம் லேட்டா வரும். ட்ரம்ஸ வேற அவுட்ல போடுங்க, இல்ல முன்னுரிமை இருக்கிற மாதிரி முதல் ட்ராக்ல வைங்க. பெண்டும் ஆஃப்டர்டச்சும்தான் (கீய அமுக்குனப்புறம் இன்னும் அழுத்துறது) பெரிய கூட்டம், தேவையில்லாத ஆஃப்டர்டச்ச ஃபில்டர்ல தடுத்துடுங்க.

நாப்பது வருஷ பழைய சிந்த், புது சீக்வென்சர். பேசிக்குமா?

மிடி இருந்தா பேசும். 1983 ஜனவரில அமெரிக்காவுல நாம் (NAMM) இசைக்கருவி கண்காட்சியில சீக்வென்ஷியலோட ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டோட ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு கேபிள்ல கட்டி காமிச்சாங்க, ரெண்டும் போட்டி கம்பெனி. அந்த அடிப்படை இன்னும் மாறல, 2020-ல வந்த மிடி 2.0-வும் பழசோட ஒத்துப்போற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. மிடியே வர்றதுக்கு முன்னாடி வந்த சிந்த்துன்னா சிவி, கேட் (நோட்ட வோல்டேஜா அனுப்புற பழைய முறை) இருக்கும், கன்வெர்ட்டர் வேணும்.

எந்த பெட்டி வாங்கலாம்?

முழு பாட்டையும் நேரா வாசிச்சு பதிவு பண்ணணும்னா எம்பிசி, ஸ்க்வார்ப் (ஹாபாக்ஸ் செய்ற கம்பெனி) பெட்டிங்க, இல்ல செகண்ட் ஹேண்டுல யமஹா க்யூஒய் வரிசை. எஸ்க்யூ-1 மாதிரி பதினாறு நாப் இருக்கிறது நல்ல பெட்டிதான், ஆனா அது நீங்க வாசிக்கிறத பதிவு பண்ற வேலைக்கு இல்ல. பழசு வாங்குனா ஃப்ளாப்பி ட்ரைவ் ஓடுதா, உள்ள பேட்டரி செத்துடுச்சான்னு பாருங்க. அலெசிஸ் எம்எம்டி-8-ல டிஸ்க்கே கிடையாது, பேட்டரி போனா பாட்டு போச்சு, டேப்லயோ சிஸ்எக்ஸ்லயோதான் (மிடி வழியா மெமரிய வெளிய அனுப்புறது) பேக்கப்.

நடுவுல கரண்டு போனா?

சேவ் பண்ணாத எல்லாம் போயிடும். ஒரு ட்ராக் முடிஞ்சதும் சேவ், இத கைப்பழக்கமாக்குங்க. திருவிழா மேடையில ஜெனரேட்டருக்கு மாத்துற அந்த கண நேரம் போதும் பெட்டி ரீஸ்டார்ட் ஆக, லைட்டு மினுக்குறத மத்தவங்க கவனிக்க கூட மாட்டாங்க. சின்ன யூபிஎஸ் ஒண்ணு சீக்வென்சருக்கும் கீபோர்டுக்கும் மட்டும் வச்சுக்கோங்க. யூஎஸ்பி பவர்ல ஓடுற பெட்டின்னா பவர் பேங்க் போதும், முகூர்த்த சீசன்ல திருவந்திபுரம் சுத்தி ஒரே நாள்ல ரெண்டு மூணு மண்டபம் ஓடுறவங்களுக்கு அதுதான் வசதி. எல்லா பாட்டையும் ஸ்டாண்டர்டு மிடி ஃபைலாவும் கார்டுல போட்டு வைங்க. டைப் 1-ல ட்ராக் தனித்தனியா இருக்கும், டைப் 0-ல எல்லாம் ஒண்ணா, சில கீபோர்டு டைப் 0-வ மட்டும்தான் படிக்கும்.

யூஎஸ்பி போட்டதும் ஸ்பீக்கர்ல உய்ய்ய்னு ஒரு சத்தம்.

கிரவுண்ட் லூப். 5-பின் மிடி இன்ல ஆப்டோ ஐசோலேட்டர் இருக்கும், ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கரண்டு தொடர்பே இருக்காது, அதனால அங்க இந்த தொல்லை வராது. யூஎஸ்பில அது இல்ல. 5-பின் இருந்தா அதையே உபயோகிங்க, இல்லன்னா பவர் பேங்க்ல ஓட்டி பாருங்க.

பாடுறவங்க நடுவுல ஒரு வரிய விட்டுட்டா, இல்ல பல்லவிய இன்னொரு தடவை பாடிட்டா சீக்வென்சர் நிக்காதே, என்ன பண்றது?

அதுக்காகத்தான் முழு பாட்டையும் ஒரே நீள ட்ராக்கா பதிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன். பல்லவி ஒரு பேட்டர்ன், அனுபல்லவி ஒண்ணு, இடையிசை ஒண்ணு, சரணம் ஒண்ணுன்னு தனித்தனியா வச்சு, அடுத்த பேட்டர்ன நீங்க பட்டன்ல அழைக்கிற மாதிரி வைங்க. பெரும்பாலான பெட்டில அடுத்தத அழுத்துனா ஓடிட்டு இருக்கிறது முடிஞ்சப்புறம்தான் மாறும், அதனால பார் நடுவுல உடையாது. பல்லவிய மூணாவது தடவை பாடுறாங்களா, பட்டன தொடாதீங்க, அதே பேட்டர்ன் சுத்திட்டு இருக்கும். ரிசப்ஷன்ல மாப்பிள்ள வீட்டுக்காரங்க மேடையேறி மாலை போட்டு ஃபோட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் இடையிசை பேட்டர்ன் ஒண்ண எட்டு பார்ல செஞ்சு வைங்க, எவ்வளவு நேரம் வேணாலும் சுத்தலாம். ஒரே ஒரு கண்டிஷன், லூப்போட கடைசியில பெடலும் பெண்டும் மூடியிருக்கணும், மேல சொன்னதுதான்.